மூன்றாவது ஒலி: சாக்சபோனில் ட்ரில் பழகும் ஒரு மகளுக்கு

கல்முனையிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கும் கேள்வி இது. ஒன்றரை வருடமாக ஆல்டோ சாக்சபோன் வாசிக்கிறார். தேவாலயப் பாடகர் குழுவோடு நத்தாருக்கு ஒரு பாடல் வாசிக்க வேண்டும். அதன் கடைசி வரியில் கீபோர்ட் வாசிக்கும் அண்ணன் பி சுரத்தில் ஒரு ட்ரில், அதாவது அடுத்தடுத்த இரண்டு சுரங்களை வேகமாக மாறி மாறி வாசிக்கும் அலங்காரம், எழுதிக் கொடுத்திருக்கிறார். ஜி–ஏ, ஏ–பி ட்ரில்கள் ஒருவாறு வருகின்றனவாம். பி–சி வாசித்தால் நடுவில் வேறொரு சத்தம் கிழிகிறதாம். ஏ–பி ஃப்ளாட் (பிக்கு அரைச் சுரம் கீழே இருப்பது) அதைவிட மோசமாம். விரலில் பலம் போதாது என்று மாமா ஒருவர், கையால் அமுக்கிப் பழகும் ஸ்பிரிங் ஒன்றை வாங்கிக் கொடுத்திருக்கிறார். இரண்டு கிழமையாக அதை அமுக்கியதில் முன்கையில் நோவு வந்ததுதான் மிச்சம். தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை எவ்வளவு வேகத்தில் வைப்பது, விரலுக்குப் பலம் எப்படி வரும் என்று கேட்கிறார்.

மகள், முதலில் அந்த ஸ்பிரிங்கை மாமாவிடமே திருப்பிக் கொடுங்கள். மாமாவின் அன்பில் குறையில்லை, கணக்கில்தான் பிழை. சாக்சபோனின் ஒரு கீயை மூடுவதற்கு எவ்வளவு அழுத்தம் வேண்டும்? மாம்பழம் கனிந்திருக்கிறதா என்று பெருவிரலால் தொட்டுப் பார்ப்போமே, அவ்வளவு போதும். இறுக்கி அமுக்கப் பழகிய விரல், எழும்புவதற்குத் தாமதிக்கும். ட்ரில்லில் பாதி வேலை விரலை எழுப்புவதுதான். நோவு முற்றாக நிற்கும்வரை ட்ரில் பழகவே வேண்டாம். நீண்ட சுரங்களை மட்டும் வாசியுங்கள்.

இனி அந்தக் கிழிசல். அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். பி சுரத்துக்கு இடது சுட்டுவிரல் மட்டும் மூடியிருக்கும். சி சுரத்துக்கு இடது நடுவிரல் மட்டும். ஆகவே பியிலிருந்து சிக்குப் போகும்போது ஒரு விரல் எழும்பும் அதே கணத்தில் மற்ற விரல் விழ வேண்டும். மெதுவான பாட்டில் இது பெரிய காரியமில்லை. ஒரு நொடிக்குள் எட்டுத் தடவை என்று வந்தால் எந்த மனிதரின் விரலும் அவ்வளவு துல்லியமாக ஒத்துப்போகாது. நடுவிரல் விழ முந்திச் சுட்டுவிரல் எழும்பினால் ஒரு கணம் எல்லாமே திறந்துவிடுகிறது. அப்போது ஒலிப்பது சிக்கு அரைச் சுரம் மேலே இருக்கும் சி ஷார்ப். சுட்டுவிரல் எழும்ப முந்தி நடுவிரல் விழுந்தால் இரண்டும் மூடிக்கொள்கின்றன. அப்போது ஒலிப்பது ஏ. நீங்கள் வாசிப்பதாக நினைப்பது இரண்டு சுரம், கேட்பவர் காதில் விழுவது மூன்று. அழையா விருந்தாளியாக வரும் அந்த மூன்றாவது ஒலிதான் உங்களுக்குக் கிழிசலாகக் கேட்கிறது.

இதை இன்று பின்னேரமே சோதித்துப் பாருங்கள். பி–சியை மிக ஆறுதலாக மாற்றி மாற்றி வாசித்து, சிறிது சிறிதாக வேகத்தைக் கூட்டுங்கள். பியிலிருந்து சிக்கு ஏறும்போது கிழிசல் இரண்டு சுரத்துக்கும் மேலே கேட்டால் சுட்டுவிரல் அவசரப்படுகிறது. கீழே கேட்டால் நடுவிரல் அவசரப்படுகிறது. தெரிந்துகொள்வதற்காகத்தான் இந்தச் சோதனை; அந்த விரல்களைத் திருத்துவதற்காக அல்ல. திருத்தவே வேண்டாம். அந்த வழியால் போகாமல் விடுவதுதான் வழி.

சாக்சபோனைச் செய்தவர்கள் இதை எங்களுக்கு முன்பே யோசித்துவிட்டார்கள். உங்கள் வலது கைக்குப் பக்கத்தில், உடம்பின் ஓரமாக, மேலிருந்து கீழாக மூன்று நீண்ட சைட் கீகள் இருக்கின்றன. மேலே இருப்பது உச்ச இ சுரத்துக்கு. நடுவில் இருப்பது சி சுரத்துக்கு. கீழே இருப்பது பி ஃப்ளாட்டுக்கு. இடது சுட்டுவிரலால் பியைப் பிடித்தபடியே வைத்துக்கொண்டு, நடுவிலுள்ள சைட் கீயை அமுக்குங்கள். சி ஒலிக்கும். விடுங்கள், பி ஒலிக்கும். இடது கை சிலையாக இருக்க, ஒரே ஒரு கீ திறந்து மூடுகிறது. மூன்றாவது ஒலிக்கு அங்கே இடமே இல்லை. ஒக்டேவ் கீயைப் பிடித்துக்கொண்டு மேல் ஸ்தாயியிலும் இதையே செய்யலாம். இந்தச் சி, வழமையான சியை விடக் கொஞ்சம் வெளிச்சமாகக் கேட்கும். ட்ரில்லுக்குள் அது யார் காதிலும் படாது.

ஒரு விடயம் மட்டும் கவனம். சைட் கீயை விரல் நுனியால் தேடிப் போகாதீர்கள். வலது சுட்டுவிரலின் அடிப்பகுதி, உள்ளங்கையோடு சேரும் இடத்துக்குச் சற்று மேலே, அந்தக் கீக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மற்ற மூன்று விரல்களும் தங்கள் முத்துகளின் (கீகளில் விரல் படும் வட்டப் பொட்டுகளின்) மேல் இருந்தபடியே இருக்க, பூட்டில் திறப்பைத் திருப்புவது போல் முன்கையைச் சிறிது திருப்பினால் போதும். மருதமுனை உங்களுக்குப் பக்கத்து ஊர்தானே. கைத்தறியில் நெய்கிறவர் கயிற்றைச் சுண்டும்போது கை எவ்வளவு அசைகிறது என்று ஒரு நாள் பாருங்கள். சுண்டுவது கொஞ்சம், நாடா தறியின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடிவிடுகிறது. தோளிலிருந்து வீசி நெய்கிறவர் மத்தியானத்துக்குள் களைத்துவிடுவார்.

இந்தக் கீயில் இன்னொரு குணமும் இருக்கிறது. வழமையான கீயை அமுக்கினால் துளை மூடிக்கொண்டு சுரம் இறங்கும். சைட் கீயை அமுக்கினால் துளை திறந்து சுரம் ஏறும். ஜி–ஏ ட்ரில்லில் உங்கள் விரல் விழுவது கீழ்ச் சுரத்தில். சைட் கீ ட்ரில்லில் கை அமுக்குவது மேல் சுரத்தில். அதனால் அழுத்தம் தலைகீழாகி, ஆரம்பத்தில் ட்ரில் நொண்டும். மேல் சுரம் தடித்து, கீழ்ச் சுரம் மெலிந்து கேட்கும். இது உங்கள் பிழை அல்ல, கைக்குப் புதுப் பழக்கம். ஒரு கிழமையில் சரியாகிவிடும்.

ஏ–பி ஃப்ளாட்டில் என்ன நடக்கிறது என்பதையும் என்னால் ஊகிக்க முடிகிறது. உங்களுக்கு முதலில் பழக்கியவர் கிளாரினெட்காரராக இருக்கலாம். இடது சுட்டுவிரல், வலது சுட்டுவிரல் இரண்டையும் சேர்த்து மூடும் பி ஃப்ளாட்டைத்தான் அவர் காட்டியிருப்பார். ஏ சுரத்துக்கு இடது சுட்டுவிரலும் நடுவிரலும். இதற்கும் அதற்கும் போய் வர, இடது நடுவிரல் எழும்பும்போது வலது சுட்டுவிரல் விழ வேண்டும். ஒரே கையின் இரண்டு விரல்களே ஒத்துப்போகாதபோது, இரண்டு கைகள் எப்படி ஒத்துப்போகும்? நடுவில் பி எட்டிப் பார்க்கும். ஏயைப் பிடித்துக்கொண்டு, வலது பக்கத்தில் கீழே உள்ள சைட் கீயை மட்டும் அடியுங்கள். முடிந்தது.

பி ஃப்ளாட்டுக்கு மூன்று நான்கு விரல்முறைகள் இருப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் பயப்படுவார்கள். எது சரி என்று கேட்பார்கள். எல்லாம் சரி, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வேலை. சைட் கீயால் வரும் பி ஃப்ளாட் ஏயோடு ட்ரில் செய்ய நல்லது. இடது சுட்டுவிரலுக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருக்கும் பிஸ் என்ற சின்ன முத்தை, சுட்டுவிரலாலேயே பியோடு சேர்த்து அமுக்கும் முறை, ஃப்ளாட் சுரங்கள் நிறைந்த பாடலில் சுகமாக இருக்கும். அதை அமுக்கியபடியே நடுவிரலை மட்டும் தூக்கி வைத்தாலும் ஏ–பி ஃப்ளாட் வரும். நீங்கள் இப்போது பிடிக்கும் இரண்டு சுட்டுவிரல் முறையும் வீணில்லை. பி ஃப்ளாட்டுக்கும் பிக்கும் இடையில் ட்ரில் வந்தால் அதுதான் ராஜா. இடது சுட்டுவிரல் அப்படியே இருக்க, வலது சுட்டுவிரல் மட்டும் தட்டும்.

நான் சொல்ல வந்த ஒரே விடயத்தை இப்போது நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள். ட்ரில்லை விரல் வேகம் என்று நினைத்து ஓடாதீர்கள். எந்த ஒரு விரல் மட்டும் வேலை செய்தால் இந்த இரண்டு சுரமும் மாறி மாறி வரும் என்று, வாத்தியத்தை வாயில் வைக்க முந்தியே தேடி வையுங்கள். அந்த ஒரு விரலைக் கண்டுபிடித்த பிறகு வேகம் தானாக வரும். கண்டுபிடிக்காவிட்டால் வருடக்கணக்காகப் பழகினாலும் கிழிசல் வேகமாக வருமே தவிர, ட்ரில் வராது.

இதை ஒரு முழுச் சுரவரிசையில் காட்டுகிறேன். ஆல்டோவில் சி வாசித்தால் கீபோர்டின் இ ஃப்ளாட்தான் ஒலிக்கும்; ஆகவே கீபோர்ட்காரர் சி மேஜரில் வாசித்தால் ஆல்டோ சாக்சபோன்காரருக்கு அது ஏ மேஜர். மூன்று ஷார்ப், பிள்ளைகள் முகம் சுளிக்கும் சுரவரிசை. ஆனால் ட்ரில் என்று பார்த்தால் இது எவ்வளவு இரக்கமுள்ளது பாருங்கள். ஏ–பி, இடது நடுவிரலை மட்டும் தூக்கி வையுங்கள். பி–சி ஷார்ப், இடது சுட்டுவிரல் மட்டும். சி ஷார்ப்–டிக்கு எல்லாம் திறந்திருக்க, இடது உள்ளங்கைப் பக்கம் இருக்கும் மூன்று கீகளில் டிக்குரியதை மட்டும் அடியுங்கள், ஒக்டேவ் கீ வேண்டாம். டி–இ, வலது மோதிரவிரல். இ–எஃப் ஷார்ப், வலது சுட்டுவிரல். நடுவிரல் மூடியபடியே இருக்கட்டும். எஃப் ஷார்ப்–ஜி ஷார்ப்தான் அழகு. இடது சின்னி விரலால் ஜி ஷார்ப் கீயை முழு நேரமும் அமுக்கி வைத்துக்கொண்டு, வலது நடுவிரலால் மட்டும் தட்டுங்கள். வலது கையின் எஃப், இ, டி கீகளில் எது மூடினாலும் ஜி ஷார்ப் மூடி தானாக மூடிக்கொள்ளும்படி இன்றைய வாத்தியங்களில் இணைப்பு இருக்கிறது. சின்னி விரல் அமுக்கியிருந்தாலும் எஃப் ஷார்ப் சுத்தமாகவே ஒலிக்கும். ஜி ஷார்ப்–ஏக்கும் சின்னி விரல் அப்படியே இருக்க, இடது மோதிரவிரல் மட்டும். ஏழு ட்ரில், ஏழிலும் ஒரே ஒரு விரல் அல்லது ஒரே ஒரு கீ. இதை உங்கள் வாத்தியத்தில், ஊதாமல், மடியில் வைத்துக்கொண்டே செய்து பார்க்கலாம். இரவு வீட்டில் எல்லோரும் படுத்த பிறகும் பழகலாம். ஒருவரும் ஏச மாட்டார்கள்.

ஊதாமல் பழகும்போது மூடிகள் துளையில் விழும் சத்தத்தைக் கேளுங்கள். டப், டப், டப் என்று ஒரே இடைவெளியில் விழ வேண்டும். டப்டப், டப்டப் என்று சோடி சோடியாக விழுந்தால் ஊதும்போதும் அதே நொண்டல் இருக்கும்.

ஒரு விரலால் தீராத இடங்களும் உண்டு. நடு சியிலிருந்து டிக்குப் போவது அவற்றில் பெரியது. ஒரு விரல் மூடியிருந்த வாத்தியத்தில் ஆறு விரலும் மூடி, இடது பெருவிரல் ஒக்டேவ் கீயையும் அமுக்க வேண்டும். அப்படி ட்ரில் செய்ய நினைப்பது ஆளையும் வாத்தியத்தையும் வதைப்பது. சியைப் பிடித்துக்கொண்டு, அதே உள்ளங்கைப் பக்க டி கீயை அடியுங்கள். டி கொஞ்சம் உயர்ந்து கேட்கலாம், வாத்தியத்துக்கு வாத்தியம் அது மாறும். வேகமான ட்ரில்லில் சமாளிக்கலாம். ஆறுதலான பாடலில் நீண்டு நிற்கும் ட்ரில் என்றால் எழுதிக் கொடுத்தவரிடம் போய் வேறு சுரம் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. மிகக் கீழே, சின்னி விரலின் கீகளால் பிடிக்கும் பி, பி ஃப்ளாட் பக்கத்துக்கும் இதே பதில்தான். வாத்தியம் தெரிந்தவர்கள் அங்கே ட்ரில் எழுதுவது குறைவு.

மேல் சுரம் எது என்பதில் பலர் தவறுகிறார்கள். தாளில் ஒரு சுரமும் அதன் மேல் ட்ரில் குறியும்தான் இருக்கும். அடுத்த சுரத்தைப் பாடலின் சுரவரிசைதான் தீர்மானிக்கும். பி மேல் ட்ரில் என்றால், ஷார்ப் ஃப்ளாட் எதுவும் இல்லாத சி மேஜரில் அடுத்த சுரம் சி, ஏ மேஜரில் சி ஷார்ப். குறிக்கு மேலே சிறிய ஷார்ப்போ ஃப்ளாட்டோ போட்டிருந்தால் அது மேல் சுரத்துக்கு உரியது. கீபோர்ட்காரரிடம் ஒரு கேள்வி கேட்க மறக்காதீர்கள்: டிரான்ஸ்போஸ் பொத்தானை அமுக்கியிருக்கிறாரா? எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் எல்லாப் பாடலையும் சி மேஜர் விரலிலேயே வாசித்து, மிச்சத்தைப் பொத்தானிடம் விட்டுவிடுவார்கள். விரலைப் பார்த்து நீங்கள் சுரவரிசையைக் கணக்கிட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

அடுத்தது காற்று. இதைப் புரியவைக்க எனக்குத் தெரிந்த ஒரே நல்ல வழி, வீட்டில் ஒருவரைக் கூப்பிடுவது. தங்கச்சியோ தம்பியோ யாராக இருந்தாலும் சரி. நீங்கள் பியைப் பிடித்து நீளமாக, ஒரே சீராக ஊதுங்கள். பிள்ளையை உங்கள் வலது பக்கத்தில் நிற்க வைத்து, நடு சைட் கீயை ஒரு விரலால் தட்டச் சொல்லுங்கள். எப்போது தட்டும் என்று உங்களுக்குத் தெரியாது. அதனால் உங்கள் உதடும் தாடையும் எதற்கும் தயாராகாமல் இருக்கும். அந்த நேரத்தில் வரும் ட்ரில் உங்கள் ட்ரில்லை விட அழகாக இருக்கும். சாக்சபோனைத் தொட்டே பார்க்காத பிள்ளை உங்களை விட நன்றாக ட்ரில் செய்கிறதே என்று ரோசம் வரட்டும், நல்லது. அந்தப் பிள்ளை கீயை மட்டும் தட்டுகிறது. நீங்கள் வாசிக்கும்போது விரலோடு சேர்ந்து தாடையையும் ஆட்டுகிறீர்கள், மூச்சையும் துண்டு துண்டாகத் தள்ளுகிறீர்கள். இரண்டு மூன்று நாள் இப்படி ஊதி, அந்த ஓசை காதில் பதிந்த பிறகு நீங்களே தட்டுங்கள். நாக்கு ட்ரில்லின் தொடக்கத்தில் ஒரு தடவை மட்டும் ரீடை, அதாவது ஊதும்போது அதிரும் மெல்லிய நாணல் தகட்டை, தொடும். பிறகு அதற்கு வேலை இல்லை.

வேகம் பற்றிக் கேட்டீர்கள். மெட்ரோனோமை 60இல் வையுங்கள். ஒரு தட்டுக்கு இரண்டு சுரம், நான்கு தட்டு வரை. அப்படியே நிறுத்தாமல் ஒரு தட்டுக்கு மூன்று, பிறகு நான்கு, பிறகு ஆறு, பிறகு எட்டு. எங்கே நொண்டுகிறதோ அங்கே நின்று, ஒரு படி கீழே இறங்கி வாருங்கள். மூன்றில் ஒரு விசேடம் உண்டு: தட்டு ஒரு தடவை கீழ்ச் சுரத்தில் விழும், அடுத்த தடவை மேல் சுரத்தில் விழும். இதனால் விரல் ஒரே பக்கம் சாய்வது தெரிந்துவிடும். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் தாளக்கட்டை முதல் நாளே ஓட்டத்தில் கொடுப்பதில்லை. மத்தளத்தில் ஆறுதலாக அடித்து, கால் சரியாக விழுகிறதா என்று பார்த்து, பிறகுதான் காலத்தைக் கூட்டுவார். அவர் வேகத்தைக் கூட்டும்போது ஆடுகிறவருக்கு அது கூடியதே தெரியாது. உங்கள் விரலுக்கும் தெரியக் கூடாது.

60இல் ஒரு தட்டுக்கு எட்டு என்பது ஒரு நொடியில் எட்டுச் சுரம். அது சுத்தமாக வந்தால் தேவாலயத்தில் வாசிக்கும் பெரும்பாலான பாடல்களுக்குத் தாராளம். அதற்கு மேல் போக விருப்பம் என்றால் நீளமாக ஓட்டாமல் சிறு வெடிப்புகளாகப் பழகுங்கள். நான்கு சுரம் மிக வேகமாக, உடனே ஒரு நீண்ட சுரத்தில் நின்று மூச்சு. பிறகு ஆறு, பிறகு எட்டு. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். ஒரு மணித்தியாலம் ட்ரில் மட்டும் பழகினால் கை மரத்துப்போகும், அயலாரும் உங்களோடு கதைக்க மாட்டார்கள்.

ட்ரில்லை எந்தச் சுரத்தில் தொடங்குவது என்று பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் சண்டை பிடிப்பார்கள். பாக், ஹெண்டல் காலத்து இசையில் பெரும்பாலும் மேல் சுரத்தில் தொடங்கினார்கள். 19ஆம் நூற்றாண்டில் எழுதிய சுரத்திலேயே தொடங்கும் பழக்கம் வலுத்தது. சாக்சபோன் அந்த நூற்றாண்டின் பிள்ளை. அடோல்ஃப் சாக்ஸ் அதற்குக் காப்புரிமை பெற்றது 1846இல். அவர் இன்றைய பெல்ஜியத்தில் பிறந்த 1814இல்தான் மட்டக்களப்பில் மெதடிஸ்த மத்திய கல்லூரியும் தொடங்கியது என்பதை என் மாணவர்களிடம் அடிக்கடி சொல்வேன்; அவர்களுக்கு வருடம் மறக்காமல் இருக்கும். ஆகவே சாக்சபோனுக்கென்றே எழுதிய இசையில் எழுதிய சுரத்தில் தொடங்குங்கள். பழைய இசையை மாற்றி எழுதியதை வாசித்தால் மேல் சுரத்தில் தொடங்குங்கள். உங்கள் நத்தார்ப் பாடலுக்கு இந்தச் சண்டை தேவையில்லை.

இனி எங்கள் மண்ணுக்கே உரிய ஒரு சிக்கல். திருவிழா நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காது எங்களுடையது. கோயில் எந்தச் சமயத்துடையதாக இருந்தாலும் வீதியில் வரும் மேளம் எல்லோர் வீட்டுக்கும் கேட்கும். அந்தக் காது ஒரு சுரம் நேராக நிற்பதைப் பொறுக்காது, அதை அசைக்கச் சொல்லும். அதுதான் கமகம். கம்பிதம் என்ற கமக வகையில் சுரம் ஒரு இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு வழுக்கிப் போய் வரும்; இடையில் உள்ள தூரம் முழுவதும் காதுக்குத் தெரியும். ட்ரில்லில் அந்தத் தூரம் தெரியக் கூடாது. இரண்டு படி, இரண்டிலும் கால், நடுவில் ஒன்றுமில்லை. எங்கள் பிள்ளைகள் ட்ரில் வாசிக்கும்போது உதடு தன்னையறியாமல் தளர்ந்து இறுகி, கமகம் பாதி, ட்ரில் பாதியாக ஒன்று வரும். கேட்க இனிமையாகக்கூட இருக்கும். ஆனால் கீபோர்டோடு சேர்ந்தால் சுருதி கலங்கும்.

கமகம் தாழ்ந்தது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாதஸ்வரக் குடும்பத்தில் பிறந்த கத்ரி கோபால்நாத், மைசூர் அரண்மனை பாண்டில் சாக்சபோனைக் கேட்டு மயங்கி, அதே ஆல்டோவில் கர்நாடக இசையை மேடையேற்றினார். 2019இல் மறைந்தார். அவர் வாசித்ததைக் கேளுங்கள், உதடும் மூச்சும் சுரத்தை எப்படி வளைக்கின்றன என்று தெரியும். கேட்ட பிறகு ட்ரில்லுக்கு வரும்போது அந்த உதட்டைக் கட்டிப்போடுங்கள். இரண்டு வித்தையும் கையில் இருக்கட்டும், ஒன்றுக்குள் ஒன்று புகாமல்.

கடைசியாக வாத்தியம். இதைச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்னதெல்லாம் ஒரு இரவில் பாழாகலாம். எனக்கே ஆகியிருக்கிறது. பல வருடங்களுக்கு முன், ஒரு நத்தார் நள்ளிரவு. கீபோர்ட் சி மேஜர், எனக்கு ஏ மேஜர். எஃப் ஷார்ப்–ஜி ஷார்ப் ட்ரில் வருகிறது. சின்னி விரலை அமுக்கி வைத்துக்கொண்டு, மேலே சொன்னபடி நடுவிரலால் தட்டுகிறேன். வந்தது எஃப் ஷார்ப்–ஜி. ஷார்ப் இல்லாத வெறும் ஜி. பாடகர் குழு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கீபோர்ட்காரர் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. சின்னி விரல் தன் வேலையைச் செய்திருந்தது. ஜி ஷார்ப் துளையின் மூடிதான் ஒட்டிக்கொண்டு திறக்கவில்லை. காரணம் நான்தான். பூசைக்கு முந்தி யாரோ தந்த கேக்கைத் தின்று, இனிப்புச் சோடாவும் குடித்துவிட்டு, வாய் கொப்பளிக்காமல் வந்து ஊதியிருந்தேன். மூச்சோடு போன இனிப்பு மூடியில் பசையாகிவிட்டது.

ஜி ஷார்ப் மூடி மற்றவற்றை விட எளிதில் ஒட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. அது ஓய்வில் எப்போதும் மூடியே இருக்கும். சின்னி விரல் அதை நேரே தூக்குவதில்லை. தடுப்பை விலக்கிவிடும், தூக்குவது ஒரு மெலிந்த ஸ்பிரிங். சிறு பசை இருந்தாலும் அந்த ஸ்பிரிங் தோற்றுப்போகும். கல்முனையிலும் கல்லடியிலும் கடற்காற்று வீட்டுக்குள்ளேயே வீசுகிறது. மார்கழி மழையில் மூடித் தோல் ஊறும், உப்பில் ஊசி ஸ்பிரிங்குகள் துருப்பிடிக்கும். வாசிக்க முந்தி ஜி ஷார்ப்பை ஒரு தடவை அமுக்கி, மூடி எழும்புகிறதா என்று கண்ணால் பாருங்கள். ஒட்டினால் பசை பூசாத சிகரெட் தாள் ஒன்றை மூடிக்கும் துளைக்கும் இடையில் வைத்து, மெதுவாக மூடி, சில விநாடி பிடித்து, திறந்து எடுங்கள். இழுத்து உருவ வேண்டாம், தோல் கிழியும். பவுடர் போடும் பழக்கம் இங்கே இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். ஈரத்தோடு சேர்ந்து அது இன்னும் பெரிய பசையாகும். வாசித்து முடித்ததும் உள்ளே துணி இழுத்து ஈரத்தை எடுங்கள்.

ரீடும் காலத்துக்கு ஏற்ப மாறும். கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் மாதங்களில் பெட்டியில் கிடந்த ரீட் காய்ந்து ஓரம் நெளிந்துவிடும். தண்ணீரில் சற்று நேரம் ஊற வைத்து எடுத்தால் வழிக்கு வரும். மழைக் காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். மூன்று நான்கு ரீடுகளை மாற்றி மாற்றிப் பாவியுங்கள். நத்தார் இரவுக்குப் புது ரீட் பூட்டாதீர்கள். ஒரு கிழமை வாசித்துப் பதப்பட்டதாக இருக்கட்டும். கடின ரீடில் ட்ரில் செய்தால் மேல் சுரம் பேச மறுக்கும், உடனே உதட்டை இறுக்குவீர்கள், சுருதி ஏறும்.

உங்கள் பாடல் கீபோர்டுக்கு இ ஃப்ளாட் மேஜர் என்றால் உங்களுக்கு அது சி மேஜர். கடைசி வரியில் பி மேல் வரும் ட்ரில்லின் மேல் சுரம் சி. இடது சுட்டுவிரல் பியில், வலது கை நடு சைட் கீயில். முதல் இரண்டு மூன்று தட்டலை ஆறுதலாகத் தொடங்கி வேகம் எடுங்கள். முடிவில் சைட் கீயை முற்றாக விட்டுவிட்டு ஏ, பி என்ற இரண்டு சுரங்களை வழமையான விரலில் தாளத்தோடு வையுங்கள். இடது நடுவிரல் ஏயில் ஒரு தடவை இறங்கி எழும்பும், அவ்வளவுதான். பிறகு கடைசி நீண்ட சி. அதைச் சைட் கீயில் பிடிக்காமல் நடுவிரலால் பிடியுங்கள், நிலையாக நிற்கும். இந்தக் கடைசி நான்கு சுரங்களை, பி, ஏ, பி, சி, ட்ரில் இல்லாமல் தனியாக ஒரு நாளைக்கு இருபது தடவை வாசித்து வையுங்கள். அநேகம் பேர் ட்ரில்லைச் சரியாக வாசித்துவிட்டு இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.